‘ஸே’யா, ‘டெல்’லா? ஆங்கிலத்தில் ‘சொல்’லத் தொடங்குபவர்களுக்கு

ஆங்கிலம் பேசிப் பழகும் தமிழர்களிடம் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘ஹி டோல்ட் தட் ஹி வில் கம்.’ சொல்ல வந்தது கேட்பவருக்குப் புரிந்துவிடும். யாரும் நடுவில் நிறுத்தித் திருத்த மாட்டார்கள். அதனாலேயே இந்தத் தவறு வருடக்கணக்கில் கூடவே வரும். நேர்முகத் தேர்வில் ‘ஆஸ் ஐ டோல்ட் இயர்லியர்’ என்று வரும், மின்னஞ்சலில் ‘இட் வாஸ் டோல்ட் தட்’ என்று வரும். நல்ல ஆங்கிலம் எழுதக்கூடியவர்கள்கூட இங்கே சறுக்குகிறார்கள்.

காரணம் நம் மொழியில்தான் இருக்கிறது. ‘அவன் வருவேன்னு சொன்னான்’ என்கிறோம். யாரிடம் சொன்னான்? அதைச் சொன்னாலும் வாக்கியம் நிற்கும், விட்டாலும் நிற்கும். வினைச்சொல் மாறுவதில்லை. ஆங்கிலம் இந்த இடத்தில் ‘ஸே’ (say), ‘டெல்’ (tell) என்று இரண்டு சொற்களை வைத்திருக்கிறது. எதை எடுப்பது என்பதைப் பெரும்பாலும் ஒரே கேள்வி முடிவு செய்துவிடும்: கேட்டவர் யார் என்று வாக்கியத்தில் சொல்கிறீர்களா, இல்லையா?

அதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில் வாயில் சரியாக வரட்டும்

‘ஸே’ இறந்த காலத்தில் ‘ஸெட்’ ஆகும். எழுத்தைப் பார்த்து ‘ஸெய்ட்’ என்று இழுக்க வேண்டாம். ‘பெட்’, ‘ரெட்’ போலக் குறுகிய ஒலிதான். அதேபோல ‘ஹி’, ‘ஷி’க்குப் பின்னால் வரும் வடிவம் ‘ஸெஸ்’. ‘ஸேய்ஸ்’ இல்லை. கடைசி எழுத்தை ‘ஸ்’ஸுக்கும் ‘ஜ்’ஜுக்கும் நடுவில், வண்டு ரீங்காரம் போல அதிர்வோடு ஒலிக்க வேண்டும்.

‘டெல்’ இறந்த காலத்தில் ‘டோல்ட்’. இதில் குழப்பம் எதுவும் இல்லை.

படி 1: கேட்டவர் ஒட்டி நிற்கிறாரா என்று பாருங்கள்

‘டெல்’ என்று வாயைத் திறந்தால் அடுத்த சொல்லே பெரும்பாலும் கேட்டவராக இருக்க வேண்டும். ‘டெல் மீ’, ‘டோல்ட் ஹிம்’, ‘டோல்ட் மை சிஸ்டர்’, ‘டெல் த டாக்டர்’. நடுவில் எதுவும் வரக் கூடாது.

‘ஸே’ என்றால் அடுத்து வருவது சொன்ன விஷயம். ‘ஹி ஸெட் ஹி வாஸ் டயர்ட்.’ ‘ஷி ஸெட் நத்திங்.’ கேட்டவர் இங்கே தேவையில்லை.

ஆக, முதலில் பார்த்த வாக்கியத்தைத் திருத்த இரண்டு வழி இருக்கிறது. கேட்டவரைச் சேர்க்கலாம்: ‘ஹி டோல்ட் மீ தட் ஹி வுட் கம்.’ அல்லது வினைச்சொல்லை மாற்றலாம்: ‘ஹி ஸெட் தட் ஹி வுட் கம்.’ இரண்டும் சரி. அவன் உங்களிடம்தான் சொன்னான் என்பது முக்கியம் என்றால் முதலாவது. அவன் சொன்ன செய்தி மட்டும் போதும் என்றால் இரண்டாவது. ‘வில்’ இங்கே ‘வுட்’ ஆனதையும் கவனியுங்கள். ‘ஸெட்’, ‘டோல்ட்’ என்று இறந்த காலத்தில் தொடங்கினால் பின்னால் வரும் வினையும் பொதுவாக ஒரு படி பின்னுக்குப் போகும்.

‘ஆஸ் ஐ டோல்ட் இயர்லியர்’ என்பதற்கும் இதே மருந்துதான். ‘ஆஸ் ஐ ஸெட் இயர்லியர்’ என்றால் முடிந்தது. ‘ஆஸ் ஐ டோல்ட் யூ இயர்லியர்’ என்பதும் இலக்கணப்படி சரி. ஆனால் அதில் ‘உங்களுக்குத்தான் ஏற்கெனவே சொன்னேனே’ என்ற லேசான கடுப்பு தொனிக்கலாம். நேர்முகத் தேர்வில் ‘ஸெட்’டே நல்லது.

படி 2: ‘டு’ எங்கே வரும்?

தமிழர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். நிதானமாகப் பார்ப்போம்.

நாம் ‘எனக்குச் சொன்னான்’, ‘என்னிடம் சொன்னான்’, ‘என்கிட்ட சொன்னான்’ என்கிறோம். கேட்டவரோடு ஒரு உருபு ஒட்டிக்கொண்டே வருகிறது. அந்த உருபை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் ‘டு மீ’ என்றாகிறது. விளைவு: ‘ஹி டோல்ட் டு மீ.’ இது தவறு. ‘டெல்’லுக்கும் கேட்டவருக்கும் நடுவில் ‘டு’ நுழையக் கூடாது. ‘ஹி டோல்ட் மீ’, அவ்வளவுதான்.

‘ஸே’ நேர் எதிர். அதில் கேட்டவரைக் குறிப்பிட விரும்பினால் ‘டு’ கட்டாயம் வேண்டும். ‘ஹி ஸெட் டு மீ’ சரி. ‘ஹி ஸெட் மீ’ தவறு. ‘வாட் டிட் ஹி ஸே டு யூ?’ என்று கேட்கலாம். ‘வாட் டிட் ஹி டெல் யூ?’ என்றும் கேட்கலாம். முதலாவது அவன் உதிர்த்த வார்த்தைகளைக் கேட்கிறது, இரண்டாவது அவன் தந்த தகவலைக் கேட்கிறது.

இதில் ஒரு வளைவு உண்டு. ‘டெல்’லுக்குப் பின்னால் கதை, பொய், ரகசியம் மாதிரி ஒரு பொருள் முதலில் வந்துவிட்டால், கேட்டவர் பின்னுக்குப் போவார். அப்போது ‘டு’ வரும். ‘ஷி டோல்ட் த சில்ட்ரன் எ ஸ்டோரி’ என்றும் சொல்லலாம், ‘ஷி டோல்ட் எ ஸ்டோரி டு த சில்ட்ரன்’ என்றும் சொல்லலாம். அதனால் ‘டெல் வந்தால் டு வரவே வராது’ என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘டெல்’லை ஒட்டிக் கேட்டவர் வந்தால் ‘டு’ வராது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ‘வரச் சொன்னாள்’, ‘வருவதாகச் சொன்னாள்’

இந்த இரண்டு தமிழ் வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘வருவதாகச் சொன்னாள்’ என்றால் அவள் வருவாள். ‘வரச் சொன்னாள்’ என்றால் இன்னொருவர் வர வேண்டும். ஒன்று செய்தி, மற்றது ஏவல். வினைச்சொல் ஒன்றுதான், அதற்கு முன்னால் உள்ள சொல்லின் வடிவம்தான் பொருளை மாற்றுகிறது.

ஆங்கிலத்தில் செய்திக்கு இரண்டு சொல்லும் பயன்படும்: ‘ஷி ஸெட் ஷி வுட் கம்’, ‘ஷி டோல்ட் மீ ஷி வுட் கம்.’ ஏவலுக்கு ‘டெல்’தான் பொருத்தம்: ‘ஷி டோல்ட் மீ டு கம்.’ அமைப்பு இதுதான்: டெல், அப்புறம் கேட்டவர், அப்புறம் ‘டு’, அப்புறம் வினை. ‘வர வேண்டாம் என்று சொன்னாள்’ என்றால் ‘ஷி டோல்ட் மீ நாட் டு கம்.’ அந்த ‘நாட்’ ‘டு’வுக்கு முன்னால் வருவது நல்ல வழக்கம். தமிழில் ‘வரச் சொன்னாள்’ என்னும்போது யாரை என்பதை விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் ‘டோல்ட்’ வந்தால் அந்த ஆளை விட முடியாது. பேச்சு வழக்கில் ‘ஷி ஸெட் டு வெயிட்’ என்று சொல்வதையும் கேட்பீர்கள். அதில் தவறில்லை. ஆனால் புதிதாகப் பழகுபவர்கள் ‘டோல்ட் மீ டு’ என்ற பாதையிலேயே போவது நல்லது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இலக்கணப் பிழையை மன்னிக்கிறவர்கள்கூட இதை மன்னிக்க யோசிப்பார்கள். நம் ‘சொல்’லில் கெஞ்சலும் அடங்கும், வேண்டுகோளும் அடங்கும், கட்டளையும் அடங்கும். ‘மேனேஜர்கிட்ட சொல்லி லீவு வாங்கினேன்’ என்றால் பணிவாகக் கேட்டு வாங்கினேன் என்றுதான் பொருள். அதையே ‘ஐ டோல்ட் மை மேனேஜர் டு கிவ் மீ லீவ்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், ‘லீவு கொடு என்று மேனேஜருக்கு உத்தரவு போட்டேன்’ என்று ஆகிவிடும். ‘டெல்’லும் ‘டு’வும் சேர்ந்தால் கட்டளைத் தொனி வந்துவிடும். டாக்டரிடம், ஆசிரியரிடம், வாடிக்கையாளரிடம், வயதில் மூத்தவரிடம் நீங்கள் எதையாவது செய்யக் கோரியிருந்தால் அங்கே ‘ஆஸ்க்’ வர வேண்டும்: ‘ஐ ஆஸ்க்ட் மை மேனேஜர் ஃபார் லீவ்.’ ‘ஐ ஆஸ்க்ட் த டாக்டர் டு எக்ஸ்ப்ளெய்ன் இட் அகெய்ன்.’ டாக்டர் உங்களை மருந்து சாப்பிடச் சொன்னார் என்றால் மட்டும் ‘த டாக்டர் டோல்ட் மீ டு டேக் த டேப்லெட்ஸ்.’ அவர் சொல்லலாம், அது அவர் வேலை.

போனை எடுத்ததும் நாம் சொல்லும் ‘சொல்லுங்க’வும் இந்தக் குடும்பம்தான். தமிழில் அது மரியாதையான, இதமான சொல். ஆங்கிலத்தில் வெறுமனே ‘டெல்’ என்றாலோ, ‘டெல் மீ’ என்றாலோ எதிரில் இருப்பவருக்கு வெடுக்கென்று கேட்கும். ‘யெஸ், ப்ளீஸ்’ அல்லது ‘ஹௌ கேன் ஐ ஹெல்ப் யூ?’ அந்த இடத்துக்குப் பொருந்தும்.

படி 4: வார்த்தையா, விஷயமா?

கேட்டவரை வைத்து முடிவு செய்ய முடியாத இடங்களில் இன்னொரு கேள்வி உதவும். பேச்சில் வந்த வார்த்தையே முக்கியமா, அதற்குள் இருக்கும் விஷயம் முக்கியமா? வார்த்தை என்றால் ‘ஸே’, விஷயம் என்றால் ‘டெல்’.

‘இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?’ என்று கேட்கிறோம். நமக்கு வேண்டியது வார்த்தை. அதனால் ‘ஹௌ டு யூ ஸே திஸ் இன் இங்கிலிஷ்?’ இங்கே ‘டெல்’ வராது. டாக்டர் தொண்டையைப் பார்க்கும்போது ‘ஸே ஆ’ என்பார், ஒலி மட்டும் போதும் அவருக்கு. ‘ஸே தட் அகெய்ன்’ என்றால் அதே வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறோம், காதில் விழவில்லை என்பதால். ‘டெல் மீ அகெய்ன்’ என்றால் வார்த்தை மாறினாலும் பரவாயில்லை, விஷயத்தை மறுபடி விளக்குங்கள் என்று பொருள்.

ஒருவர் பேசியதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதும்போது ‘ஸெட்’ இயல்பாக வருவதும் இதனால்தான். கேட்டவரைச் சேர்த்தால் ‘ஹி டோல்ட் ஹெர்’ என்று அங்கேயும் எழுதலாம்.

எழுத்து வடிவில் இருப்பதற்கும் ஆங்கிலம் பெரும்பாலும் ‘ஸே’யைப் பயன்படுத்துகிறது. இது நமக்குப் புதிது. தமிழில் ‘பலகையில் எழுதியிருக்கு’, ‘கடிதத்தில் போட்டிருக்கு’ என்கிறோம். ‘இட் இஸ் ரிட்டன் இன் த போர்ட்’ என்று மொழிபெயர்த்துத் தடுமாற வேண்டாம். ‘த போர்ட் ஸெஸ் நோ பார்க்கிங்.’ ‘த லெட்டர் ஸெஸ் மண்டே.’ ‘மை வாட்ச் ஸெஸ் டென்.’ சின்ன மாற்றம்தான், ஆனால் உங்கள் ஆங்கிலம் சட்டென்று இயல்பாகிவிடும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் இன்றே பயன்படுத்துங்கள் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

‘பற்றி’ வரும்போதும் கவனம் வேண்டும். ‘ஹி டோல்ட் மீ அபௌட் த ஆக்சிடென்ட்’ சரி. ‘ஹி ஸெட் அபௌட் த ஆக்சிடென்ட்’ சரியில்லை, ஏனென்றால் ‘ஸே’க்குச் சொன்ன விஷயம் ஒன்று வேண்டும். ‘வாட் டிட் ஹி ஸே அபௌட் இட்?’ என்பதில் ‘வாட்’ அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. ‘ஹி ஸெட் நத்திங் அபௌட் இட்’ என்பதும் அப்படியே. நேர்முகத் தேர்வின் முதல் கேள்வியான ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’ ஏன் ‘டெல்’லோடு வருகிறது என்பதும் இப்போது புரியும்.

படி 5: சேர்ந்தே வரும் சொற்களைச் சேர்த்தே பிடியுங்கள்

சில சொற்களோடு ‘டெல்’தான் வரும், கேட்டவர் இல்லாவிட்டாலும். ‘டெல் த ட்ரூத்’, ‘டெல் எ லை’, ‘டெல் எ ஸ்டோரி’, ‘டெல் எ ஜோக்’, ‘டெல் எ சீக்ரெட்’. ‘ஹி ஸெட் எ லை’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஸே’யோடு வருபவை வேறு: ‘ஸே யெஸ்’, ‘ஸே நோ’, ‘ஸே ஹலோ’, ‘ஸே சாரி’, ‘ஸே தேங்க் யூ’, ‘ஸே குட்பை’, ‘ஸே எ ப்ரேயர்’, ‘ஸே எ ஃப்யூ வர்ட்ஸ்’. இரண்டாவது கூட்டத்தில் இருப்பவை பெரும்பாலும் வாயிலிருந்து அப்படியே வரும் வார்த்தைகள். முதல் கூட்டத்தில் இருப்பவை உள்ளடக்கம் கொண்டவை. நான்காவது படியில் பார்த்ததுதான் இங்கேயும் வேலை செய்கிறது.

‘டெல் த டைம்’ மட்டும் தனியாக நிற்கிறது போலத் தோன்றும். கடிகாரம் பார்த்து மணி சொல்லத் தெரிவது என்று பொருள். இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘டெல்லன்’ என்ற வினைக்குச் சொல்வது என்ற பொருளோடு எண்ணுவது, கணக்கிடுவது என்ற பொருளும் இருந்தது. அதன் உறவான ஜெர்மன் சொல் ‘ட்ஸேலன்’ இன்றைக்கும் எண்ணுவதைத்தான் குறிக்கிறது, முன்னால் ஒரு அசை சேர்ந்து ‘எர்ட்ஸேலன்’ ஆனால் கதை சொல்வது. ஆங்கிலத்திலும் அந்தப் பழைய பொருள் முழுதாக மறையவில்லை. வங்கியில் பணத்தை எண்ணித் தருபவர் ‘டெல்லர்’. ‘ஆல் டோல்ட்’ என்றால் மொத்தமாக எண்ணிப் பார்த்தால். ‘அன்டோல்ட் வெல்த்’ என்றால் எண்ண முடியாத செல்வம். ஒரு கதையை அடுத்தடுத்து வரிசையாகச் சொல்வதும் எண்ணுவதற்குப் பக்கத்தில் இருப்பதுதானே. ‘ஸே’க்கு இந்த வரலாறு கிடையாது. அது பழைய ஆங்கிலத்திலிருந்தே பேச்சோடு ஒட்டிய சொல்.

‘டெல்’ சில இடங்களில் சொல்வதையே விட்டுவிட்டு, கண்டுபிடிப்பதைக் குறிக்கும். இரட்டையர்களைப் பார்த்து ‘ஐ காண்ட் டெல் தெம் அபார்ட்’ என்றால் யார் யார் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. ‘ஹௌ கேன் யூ டெல்?’ என்றால் ‘உனக்கு எப்படித் தெரியும், எதை வைத்துக் கண்டுபிடித்தாய்?’ இங்கே யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பேச்சில் இது நிறைய வரும். ‘சொல்’ என்றே பொருள் எடுத்தால் குழம்பிப்போவீர்கள். ‘டைம் வில் டெல்’ என்பதும் கேட்டவர் இல்லாமல் வருவதுதான்: போகப்போகத் தெரியும். அப்புறம் ‘டெல் ஆஃப்’ என்றால் திட்டுவது, ‘டெல் ஆன்’ என்றால் ஒருவரை மேலிடத்தில் போட்டுக் கொடுப்பது. ‘ஐ டோல்ட் யூ ஸோ’ நம்முடைய ‘அப்பவே சொன்னேனே’.

‘ஸே’ தன் பங்குக்கு ‘என்று வைத்துக்கொள்வோம்’ என்ற பொருளிலும் வரும். ‘லெட்ஸ் ஸே டென் பீப்பிள் கம்’ என்றால் ‘பத்துப் பேர் வர்றாங்கன்னு வைங்க’.

படி 6: செயப்பாட்டு வினையில் ஆள் மாறும்

அலுவலகக் கடிதம் எழுதுபவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. ‘எனக்குச் சொல்லப்பட்டது’ என்றால் ‘ஐ வாஸ் டோல்ட்’. இந்தப் பொருளில் ‘ஐ வாஸ் ஸெட்’ என்று வராது. ‘பத்து மணிக்கு வரச் சொன்னார்கள்’ என்பதைப் பெயர் குறிப்பிடாமல் எழுத வேண்டுமா? ‘ஐ வாஸ் டோல்ட் டு கம் அட் டென்.’

‘என்று சொல்லப்படுகிறது’, ‘என்பார்கள்’ போலப் பொதுப்படையாக எழுத வேண்டுமென்றால் ‘இட் இஸ் ஸெட் தட்’. ‘அவர் பெரிய பணக்காரராம்’ என்பதில் வரும் அந்த ‘ஆம்’ விகுதிக்கு ஆங்கிலத்தில் அழகான ஒரு வடிவம் உண்டு: ‘ஹி இஸ் ஸெட் டு பி வெரி ரிச்.’ ‘இட் வாஸ் டோல்ட் தட்’ என்று மின்னஞ்சலில் எழுதும் பழக்கம் இருந்தால், யாருக்குச் சொல்லப்பட்டது என்று பார்த்து ‘ஐ வாஸ் டோல்ட் தட்’, ‘வீ வேர் டோல்ட் தட்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 7: நீங்களே போட்டுப் பாருங்கள்

கீழே உள்ள தமிழ் வாக்கியங்களை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். விடையைப் பார்க்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

‘அவன் எங்கே இருக்கான்னு சொல்லு.’ கேட்பவர் நான், விஷயம் வேண்டும். ‘டெல் மீ வேர் ஹி இஸ்.’ கடைசியில் ‘வேர் இஸ் ஹி’ என்று கேள்வி வரிசையில் போடாதீர்கள். ‘டெல் மீ’ முன்னால் வந்துவிட்டதால் பின்பாதி சாதாரண வாக்கிய வரிசைக்குத் திரும்பிவிடும்.

‘அவள் எதுவும் சொல்லாமல் போய்விட்டாள்.’ கேட்டவர் இல்லை. ‘ஷி லெஃப்ட் விதவுட் ஸேயிங் எனிதிங்.’

‘அவங்ககிட்ட நான் விசாரிச்சதா சொல்லு.’ ஆங்கிலத்தில் இது ‘ஸே ஹலோ டு தெம் ஃபார் மீ.’ ‘டெல் ஹலோ’ வராது. ஹலோ ஒரு வார்த்தை, அதனால் ‘ஸே’. கேட்பவர்கள் பின்னால் வருகிறார்கள், அதனால் ‘டு’.

‘சத்தம் போட வேண்டாம்னு பசங்ககிட்ட சொன்னேன்.’ ஏவல், கேட்டவர்கள் உண்டு, எதிர்மறை. ‘ஐ டோல்ட் த கிட்ஸ் நாட் டு மேக் நாய்ஸ்.’

‘என் நண்பன்கிட்ட கொஞ்சம் பணம் தரச் சொன்னேன்.’ இங்கே நீங்கள் வேண்டிக் கேட்டீர்களா, கட்டளையிட்டீர்களா என்று முடிவு செய்யுங்கள். கடனாகக் கேட்டிருந்தால் ‘ஐ ஆஸ்க்ட் மை ஃப்ரெண்ட் ஃபார் சம் மணி.’ அவன் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கியைக் கறாராகக் கேட்டிருந்தால் ‘ஐ டோல்ட் ஹிம் டு பே மீ.’